ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஏற்காடு ஏறி இறங்கிய கார்களைப் பற்றித்தான் இந்த முறை கேள்விகள். எல்லாமே ரேடியேட்டர் ஃபேனைச் சுற்றி வருவதால் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம்.

கேள்வி: பன்னிரண்டு வருடப் பழைய பெட்ரோல் கார். பைபாஸில் போகும்போது டெம்பரேச்சர் முள் பாதியில் நிற்கிறது. ஐந்து ரோடு சிக்னலில் மாட்டினாலோ, ஏற்காடு மலைப்பாதையில் ஏறினாலோ சிவப்பை நெருங்குகிறது. ஃபேன் சுற்றுவதே இல்லை, ஏசி போட்டாலும் அசையவில்லை. ஃபேன் மோட்டாரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?
- வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: மோட்டார் போயிருக்கலாம். ஆனால் அது உறுதியாகாமல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கரண்ட் போகும் வழி சின்னதுதான்: பேட்டரி, ஃப்யூஸ், ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), ஒயர், சாக்கெட், மோட்டார், கடைசியில் எர்த் (பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி). இதில் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டரும் ஒரு டெஸ்ட் லேம்பும் போதும்.

நீங்கள் சொல்லும் அறிகுறி ஃபேன் கோளாறுக்கே உரியது. பைபாஸ் வேகத்தில் எதிர்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். மலையில் இரண்டாவது கியரில் 20, 25 கி.மீ. வேகம்தான், இன்ஜின் முழு பலத்தில் இழுக்கும், காற்று வராது. முள் பைபாஸிலும் ஏறியிருந்தால் ஃபேனை விட்டுவிட்டு ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு), வாட்டர் பம்ப் என்று தேடச் சொல்லியிருப்போம்.

முதலில் இன்ஜின் ஆறியிருக்கும்போது, பேட்டரி நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, ஃபேன் இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். டெர்மினலைக் கழற்றச் சொல்வது வீண் எச்சரிக்கை இல்லை. சில கார்களில் சாவி எடுத்த பிறகும் ஃபேன் தானாகக் கிளம்பும், விரல் போய்விடும். இறக்கை லேசாகச் சுற்றி மெதுவாக நிற்க வேண்டும். கரகரவென்று உரசினாலோ, இறுகி நின்றாலோ பேரிங் அல்லது புஷ் போய்விட்டது. அப்போது உங்கள் மெக்கானிக் சொன்னது சரி.

லேசாகச் சுற்றினால் டெர்மினலை மாட்டிவிட்டு ஃப்யூஸுக்கு வாருங்கள். பானெட்டுக்குள் இருக்கும் ஃப்யூஸ் பெட்டி மூடியின் உட்புறப் படத்தில் ரேடியேட்டர் ஃபேனுக்கான இடம் குறித்திருக்கும். சின்னக் கார்களில் பெரும்பாலும் 30 அல்லது 40 ஆம்பியர். கண்ணால் பார்த்து நல்ல ஃப்யூஸ் என்று முடிவு செய்யாதீர்கள், மயிரிழை விரிசல் தெரியாது. டெஸ்ட் லேம்ப் ஃப்யூஸின் இரண்டு காலிலும் எரிய வேண்டும். எரிந்து போயிருந்தால் அதே ஆம்பியரில் ஒன்று மட்டும் போட்டுப் பாருங்கள். போட்ட உடனே எரிந்தால் ஒயர் எங்கோ பாடியில் உரசி ஷார்ட் ஆகிறது. கொஞ்ச நேரம் ஓடிவிட்டு எரிந்தால் மோட்டார் இறுகி அதிகக் கரண்ட் இழுக்கிறது. 30 எரிகிறதே என்று 40 போடுவதோ, கம்பியைச் சுற்றிச் சொருகுவதோ காரையே கொளுத்தும் வேலை.

ஃப்யூஸ் சரி என்றால் மோட்டாரின் சாக்கெட்டைக் கழற்றுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, சாக்கெட்டின் இரண்டு முனைகளுக்கும் நடுவே அளந்து பாருங்கள். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். ஒயருக்குள் ஒரே ஓர் இழை மிச்சம் இருந்தாலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டும். ஃபேன் மட்டும் சுற்றாது. அதனால் இண்டிகேட்டருக்குப் போடும் 21 வாட் பல்பில் இரண்டு ஒயர் இழுத்துச் சோதிப்பதே எங்களுக்குப் பிடித்த முறை. பல்ப் பளிச்சென்று எரிந்தும் மோட்டார் சுற்றாவிட்டால் குற்றவாளி மோட்டார். மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ தொடர்பு சரியில்லை. எரியவே இல்லையென்றால் பல்பின் எர்த் பக்க ஒயரை மட்டும் எடுத்துப் பேட்டரி நெகட்டிவில் வையுங்கள். இப்போது எரிந்தால் பாசிட்டிவ் வருகிறது, எர்த் பக்கம்தான் கோளாறு. பெரும்பாலும் பாடியில் முடுக்கிய எர்த் போல்ட் துருப்பிடித்திருக்கும்; உப்புத்தாள் போட்டு மீண்டும் முடுக்கினால் முடிந்தது. சில கார்களில் பாசிட்டிவ் எப்போதும் இருக்கும், ரிலே எர்த் பக்கத்தைத்தான் இணைக்கும். அங்கே எர்த் வராததற்குக் காரணம் ரிலேயாகவும் இருக்கலாம்.

மோட்டாரைத் தனியாகச் சோதிக்க 2.5 சதுர மி.மீ. ஒயரில் 30 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றை நடுவே வைத்து, பேட்டரியிலிருந்து நேராகக் கொடுங்கள். கடைசி இணைப்பை மோட்டார் பக்கம் வையுங்கள், தீப்பொறி பேட்டரி அருகே பறக்கக் கூடாது. சின்னக் கார் ஃபேன் பொதுவாக 8 முதல் 15 ஆம்பியர் இழுக்கும். அளக்க டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். வீட்டு ஒயரிங் ஆட்கள் வைத்திருக்கும் சாதாரண கிளாம்ப் மீட்டர் வீட்டுக்கு வரும் ஏசி (மாறுதிசை) மின்சாரத்தை மட்டும் அளக்கும். நேராகக் கொடுத்தும் சுற்றாத மோட்டாரை ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். தட்டியதும் கிளம்பினால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. பிரஷ் மட்டும் மாற்றித் தரும் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் இன்னும் இருக்கிறார்கள். கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசும் செம்பு வளையம்) கறுத்துக் குழி விழாமல் இருந்தால் அந்த வேலை தாங்கும். விழுந்திருந்தால் புது மோட்டார்தான்.

மோட்டார் சுற்றுகிறது, சாக்கெட்டில் கரண்ட் இல்லை என்றால் ரிலே. பெட்டியில் அதே எண், அதே கால் அமைப்பு உள்ள இன்னொரு ரிலே இருக்கும், பல கார்களில் ஹாரனுக்கு. இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ‘டிக்’ சத்தம் கேட்கிறது, ரிலே நல்லதுதான் என்று விடாதீர்கள். காந்தம் இழுத்தாலும் உள்ளே காண்டாக்ட் கருகியிருந்தால் கரண்ட் தாண்டாது. ரிலேயைக் கழற்றிவிட்டு 30, 87 என்று குறித்த இரண்டு இடங்களையும் ஃப்யூஸ் வைத்த ஒயரால் இணைத்தால் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றினால் மோட்டாரும் ஒயரும் நலம். கோளாறு ரிலேயில், அல்லது அதற்கு வர வேண்டிய உத்தரவில். 85, 86 கால்களுக்கு நடுவே காயிலின் (ரிலேயின் காந்தச் சுருள்) தடை பொதுவாக 60 முதல் 100 ஓம் வரை இருக்கும். ரிலே உட்காரும் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். லூஸான முனையில் புது ரிலே போட்டால் அதுவும் கருகும்.

கேள்வி: எனக்கு நேர்மாறு. ஏசி போட்டால் ஃபேன் சுற்றுகிறது. ஏசியை அணைத்தால் இன்ஜின் எவ்வளவு சூடானாலும் சுற்றுவதில்லை. பெட்ரோல் மிச்சம் பிடிக்க ஏசி இல்லாமல் ஓட்டுபவன் நான்.
- வாசகர், சூரமங்கலம்

பதில்: முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். சில கார்களில் ரேடியேட்டருக்கு ஒன்று, ஏசி கண்டன்சருக்கு ஒன்று என இரண்டு ஃபேன்கள். ஏசியில் சுற்றுவது கண்டன்சர் ஃபேன் மட்டும் என்றால் அஸ்தம்பட்டி வாசகருக்குச் சொன்னதையே நீங்களும் தொடங்க வேண்டும்.

ஒரே ஃபேன்தான் என்றால் மோட்டாரும் ஒயரும் நன்றாக இருக்கின்றன. சூட்டை உணர்ந்து உத்தரவு தரும் பக்கம்தான் ஊமை. பழைய கார்களில் ரேடியேட்டரில் திருகியிருக்கும் தெர்மோ சுவிட்ச் அந்த வேலையைச் செய்யும். அதன் சாக்கெட்டைக் கழற்றி இரண்டு முனைகளையும் ஒரு கிளிப்பால் இணைத்து, சாவியைத் திருப்புங்கள். ஃபேன் சுற்றினால் சுவிட்ச் போய்விட்டது என்று தோன்றும். கடைக்குப் போகும் முன், சூடான இன்ஜினில் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் சுடுகிறதா என்று பாருங்கள். ஜில்லென்றிருந்தால் தெர்மோஸ்டாட் மூடியபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. சுடுதண்ணீரே வராத இடத்தில் சுவிட்ச் எப்படி உணரும்? அநியாயமாகத் தூக்கியெறியப்படும் சுவிட்சுகளில் பலவற்றின் கதை இதுதான். புதிது போடும்போது வாஷரும் புதிது. ரேடியேட்டர் தொட்டி பிளாஸ்டிக் என்பதால் அழுத்தி முடுக்கினால் விரிசல் விடும்.

சுவிட்ச் இல்லாத கார்களில் கூலன்ட் சென்சார் சொல்வதைக் கேட்டு இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ரிலேயை இயக்குகிறது. இன்ஜின் ஓடும்போது அந்தச் சென்சாரின் சாக்கெட்டைக் கழற்றுங்கள். பல மாடல்களில் இசியூ பயந்துகொண்டு ஃபேனைச் சுற்றவிடும், செக் இன்ஜின் விளக்கும் எரியும். சுற்றினால் ரிலேவரை எல்லாம் சரி, சென்சார் பொய் சொல்கிறது. ஓபிடி ஸ்கேனர் (இசியூவில் உள்ள தகவலைப் படிக்கும் கருவி) கிடைத்தால் கூலன்ட் வெப்பத்தைப் படித்துப் பாருங்கள்: இன்ஜின் கொதிக்கும்போதும் 70 டிகிரி என்றே காட்டினால் வேறு சாட்சி தேவையில்லை. மீட்டரில் அளந்தால், வழக்கமான சென்சார் 20 டிகிரியில் இரண்டு கிலோ ஓமுக்குச் சற்று மேலும், 80 டிகிரியில் 300 ஓமை ஒட்டியும் காட்டும். டேஷ்போர்டு முள்ளுக்குத் தனிச் சென்சார் வைத்த கார்களும் உண்டு. அவற்றில் முள் சரியாகக் காட்டும், இசியூவுக்கு மட்டும் தவறாகப் போகும்.

சமீபத்தில் கூலன்ட் மாற்றியிருந்தால் ஏர்லாக்கையும் (கூலன்ட் வழியில் காற்று சிக்கிக்கொள்வது) யோசியுங்கள். சென்சார் முனை தண்ணீரில் மூழ்காமல் காற்றில் நின்றால் சூட்டைத் தாமதமாகத்தான் உணரும்.

கேள்வி: ஏற்காட்டிலேயே குடியிருக்கிறோம். எங்கள் காரில் ஃபேன் சுற்றி நான் பார்த்ததே இல்லை. கோளாறா?
- வாசகி, ஏற்காடு

பதில்: அநேகமாக இல்லை. ஃபேன் 95 டிகிரியை ஒட்டித்தான் கிளம்பும், கார் காருக்குச் சில டிகிரி மாறும். உங்கள் ஊர்க் குளிரில், கடைக்கும் ஏரிக்கும் போய்வரும் ஓட்டத்தில் இன்ஜின் அந்தச் சூட்டைத் தொடவே தொடாது. ஏசியைப் போட்டு ஒருமுறை பாருங்கள். சுற்றினால் நிம்மதியாக இருங்கள்.

உங்களைப் போன்றவர்கள் ஃபேனை விட ரேடியேட்டர் மூடியைக் கவனிக்க வேண்டும். சேலத்தில் தண்ணீர் ஏறத்தாழ 99 டிகிரியில் கொதிக்கிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் நைந்து அழுத்தம் நிற்காமல், உள்ளே வெறும் தண்ணீரும் இருந்தால், ஃபேன் கிளம்ப வேண்டிய சூட்டுக்கு முன்பே தண்ணீர் ஆவியாகத் தொடங்கும். ஃபேன் சுற்றாதது அப்போது ஃபேனின் குற்றமில்லை. 0.9 பார் மூடி ஒழுங்காக அழுத்தம் பிடித்தால் உங்கள் உயரத்திலும் கொதிநிலை 115 டிகிரியைத் தாண்டும். கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி கலந்தால் இன்னும் உயரும். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பாத்திரத்தில் படியும் அதே உப்பு ரேடியேட்டர் குழாய்களிலும் படியும்.

கேள்வி: ரிலே, சென்சார் எல்லாம் தொல்லை, டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து ஃபேனை டைரக்டாகக் கொடுத்துவிடுகிறேன் என்கிறார் எலக்ட்ரீஷியன்.
- வாசகர், ஓமலூர்

பதில்: ஊர் போய்ச் சேரும்வரை பரவாயில்லை, நிரந்தரமாக வேண்டாம். சுவிட்சைப் போட மறக்கும் ஒரே ஒரு நாள் போதும், ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போய்விடும். ஆபத்து இன்னொன்றும் இருக்கிறது: வீட்டுச் சுவிட்ச் போன்ற 6 ஆம்பியர் சுவிட்ச் வழியாக 10, 15 ஆம்பியரை ஓட்டினால் அது டேஷ்போர்டுக்குள்ளேயே உருகும். தவிர்க்க முடியாவிட்டால் சுவிட்ச் ரிலேயின் காயிலை மட்டும் இயக்கட்டும். ஃபேனுக்கான கரண்ட், பேட்டரியை ஒட்டி வைத்த ஃப்யூஸ் வழியாக ரிலேக்குப் போகட்டும்.

கேள்வி: குடும்பத்தோடு மலை ஏறும்போது பாதி வழியில் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினோம், ஆவி அடித்ததில் கை வெந்துவிட்டது. வேறு என்ன செய்திருக்க வேண்டும்?
- வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: முள் ஏறத் தொடங்கும்போதே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டிலும் புளோயரை முழு வேகத்திலும் வையுங்கள். உள்ளே வேகும்தான், ஆனால் ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர். அதை வைத்துக்கொண்டு அடுத்த அகலமான இடம்வரை போய் ஒதுங்குங்கள், வளைவில் நிறுத்தாதீர்கள். சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ இன்ஜினை அணைத்துவிட வேண்டும். பானெட்டைத் திறந்து வைத்து முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள். மேல் ஹோஸைத் துணி வைத்து அழுத்தினால் இறுக்கம் விட்டிருக்க வேண்டும். அதற்கு முன் மூடியில் கை வைக்கக் கூடாது. பச்சைத் தண்ணீரைக் கொதிக்கும் இன்ஜினில் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

ஆறி, கூலன்ட் நிரப்பிய பிறகு, ஃபேன் சுற்றவில்லை என்றால் மேலே ஏற ஆசைப்படாமல் திரும்பிவிடுங்கள். இறக்கத்தில் இன்ஜினுக்குச் சுமை இல்லை, சூடும் ஏறாது. ஆனால் சூட்டுக்குப் பயந்து இன்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டக் கூடாது. பூஸ்டர் உதவி இல்லாமல் பிரேக் கல்லாகும், ஸ்டியரிங்கும் இறுகும். இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் அதுதான் நல்லது. டிக்கியில் ஒரு லிட்டர் கலந்த கூலன்ட், ஒரு ஃபேன் ஃப்யூஸ், ஒரு ரிலே இருக்கட்டும்.

கேள்வி: புது ஃபேன் மோட்டார் போட்டாயிற்று, நன்றாகச் சுற்றுகிறது. சூடு மட்டும் குறையவில்லை.
- வாசகர், ஆத்தூர்

பதில்: ஃபேன் சுற்றும்போது ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு நியூஸ் பேப்பர் தாளைப் பிடியுங்கள். தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளிவிட்டால் ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. சாக்கெட்டை வெட்டி ஒயரை முறுக்கி இணைத்த கார்களில் இது அடிக்கடி நடக்கும். இரண்டு ஒயரையும் இடம் மாற்றுங்கள். தாள் ஒட்டியும் சூடு குறையாவிட்டால் ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூண்டைத் திரும்ப மாட்டினார்களா என்று பாருங்கள்.

கேள்வி: வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் சுற்றுகிறது. பேட்டரி இறங்கிவிடாதா?
- வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: சில நிமிடங்களில் தானாக நின்றால் அப்படி வடிவமைத்த கார், விட்டுவிடுங்கள். கால் மணி நேரம் ஆகியும் நிற்காவிட்டால் ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டது. ரிலேயைப் பிடுங்கியதும் நிற்கும். புது ரிலே போடும்வரை ஓட்டும்போது சொருகி, நிறுத்தும்போது பிடுங்கிக்கொள்ளுங்கள்.