பஸ் ஸ்டாண்டை மாற்றியது சரி, அங்கே போக வழி என்ன?

கேள்வி: எங்கள் திருச்சி மத்திய பஸ் ஸ்டாண்டிலிருந்து வெளியூர் பஸ்களை ஊருக்கு வெளியே பஞ்சப்பூருக்கு மாற்றிவிட்டார்கள். சின்ன வயதில் வருஷா வருஷம் அங்கேதான் வேளாங்கண்ணிக்குப் பஸ் ஏறுவோம். கடல் என்றாலே எனக்கு அந்த பஸ் ஸ்டாண்ட்தான் ஞாபகம் வரும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சந்தோஷம் தெரியாது என்றால், 'சும்மா பழம்பெருமை பேசாதீங்க' என்கிறான் என் மகன். யார் சொல்வது சரி?

– வாசகர், திருச்சி

பதில்: பாதிக்கு மேல் உங்கள் மகன் சொல்வதுதான் சரி. கோபப்படாமல் மீதியையும் படியுங்கள், ஏனென்றால் உங்கள் பக்கம் ஒரு வலுவான நியாயம் இருக்கிறது, அதை நீங்கள் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

முதலில் அந்தச் சந்தோஷத்தைப் பார்ப்போம். எண்பதுகளில் விசேஷ நாளில் பஸ் ஏறிய யாருக்கும் இது மறக்காது. வண்டி உள்ளே திரும்பும்போதே நாலு பேர் கூடவே ஓடுவார்கள், நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு விழும், வயர் கூடை விழும், துண்டு கைவசம் இல்லாதவர் பிள்ளையையே தூக்கி உள்ளே விட்டு 'அந்த சீட்டுல படுத்துக்கடா' என்பார். அந்தப் பிள்ளைக்கு அது வீரச்செயல். சரி. ஆனால் அதே நேரத்தில் படிக்கட்டுப் பக்கம் இடுப்பில் கைக்குழந்தையோடு நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்ற உங்கள் அம்மாவுக்கு அது என்னவாக இருந்தது? அம்மா இருந்தால் கேட்டுப் பாருங்கள். பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைக்குப் போகப் பயந்து காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிய கதையைச் சொல்வார். கடலில் புடவையோடு இறங்கிக் குளித்துவிட்டு, உடை மாற்ற ஒரு மறைப்பு கிடைக்காமல், மண் ஒட்டிய ஈரப் புடவையோடு நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் என்று ராத்திரி முழுக்கக் காற்றில் நடுங்கிக்கொண்டே வந்ததையும் சொல்வார். நமக்கு ஜன்னல் ஓரம் உப்புக் காற்று, அவருக்கு ஈரப் புடவை. பஸ் ஸ்டாண்டில் குழந்தைக்குப் பால் கொடுக்கத் தாய்மார்களுக்கு ஒரு அறை வேண்டும் என்று அரசுக்குத் தோன்றி, மாநிலம் முழுக்கத் திறந்ததே 2015-ல்தான். இதையெல்லாம் விட்டுவிட்டு 'அந்தக் காலம்' என்று பேசினால் மகன் எதிர்த்துக் கேட்கத்தான் செய்வார்.

இன்னொன்றும் உண்டு. பஸ்ஸின் பெயரைப் பார்த்தே எந்த ஊர் வண்டி என்று சொல்லிவிடுவோம், சோழன், பாண்டியன், சேரன், கட்டபொம்மன், தீரன் சின்னமலை என்று எத்தனை பெயர்கள் என நம் வயதுக்காரர்கள் ஆசையாகப் பேசுவார்கள். 1972-ல் பஸ்களை அரசுடைமையாக்கியபோது தொடங்கிய பழக்கம் அது. அந்தப் பெயர்கள் எப்படிப் போயின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1997-ல் விருதுநகர் மாவட்டத்துக்கென்று உருவான அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். தலித் சமூகத்தில் பிறந்த ஒரு வீரரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று வேறு சாதியினர் சிலர் கிளம்பினார்கள், கலவரமாகி உயிர்கள் போயின. அதற்குப் பிறகுதான் அரசு எல்லாக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்கள், மன்னர்கள் பெயர்களை எடுத்துவிட்டுத் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஒரே பெயர் வைத்தது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கடலுக்குப் போன காலம் என்று யாராவது எழுதினால் எனக்கு அந்த வருஷம்தான் நினைவுக்கு வரும்.

இனி உங்கள் நியாயம்.

பழைய பஸ் ஸ்டாண்டில் கொண்டாட வேண்டிய ஒன்று இருந்தது என்றால் அது இருந்த இடம். திருச்சி ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கினால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடலாம். மதுரை ஜங்ஷனும் பெரியார் நிலையமும் அப்படித்தான். கையில் பஸ் காசும் ஒரு தூக்குவாளி புளிச்சோறும் இருந்தால் விடிந்ததும் கிளம்பிக் கடலைப் பார்த்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பலாம் என்பது இந்த அமைப்பினால்தான் முடிந்தது. கடல் இல்லாத ஊர்களின் சாதாரணக் குடும்பங்களுக்குச் சுற்றுலா என்று தனியாக எதுவும் கிடையாது. ஒரு வேண்டுதல், ஒரு மொட்டை, அதை ஒட்டி ஒரு கடல் குளியல். வேளாங்கண்ணிக்கு எல்லா மதத்தாரும் போனார்கள், திருச்செந்தூர் போனவர்கள் கடலில் முங்கிவிட்டு நாழிக்கிணற்றில் உப்பைக் கழுவிக்கொண்டு சாமி பார்த்தார்கள். ராமேஸ்வரத்துக்கு மட்டும் 1988-ல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை பஸ்ஸில் போகவே முடியாது, ரயில்தான். பாலம் வந்ததும் அந்தக் கடலும் பஸ் டிக்கெட்டுக்குள் வந்தது.

பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே கொண்டுபோகக் காரணம் இல்லாமல் இல்லை. வண்டிகள் பெருகிவிட்டன, ஊர் நடுவே ரோடு அகலவில்லை. பெரிய பஸ் ஒன்று திரும்புவதற்குள் ஆம்புலன்ஸ் பின்னால் கத்திக்கொண்டு நிற்கிறது. மாற்றட்டும். ஆனால் ஊரிலிருந்து அந்தப் புது இடத்துக்குப் போய்ச் சேரும் வழியை முதலில் போட்டுவிட்டுப் பிறகு மாற்ற வேண்டும், இங்கே தலைகீழாகச் செய்கிறார்கள். சென்னையைப் பாருங்கள். பாரிமுனையிலிருந்து கிளம்பிய வெளியூர் பஸ்களை 2002-ல் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள், 2023 டிசம்பர் கடைசியில் இன்னும் தெற்கே கிளாம்பாக்கத்தில் புது பஸ் ஸ்டாண்டைத் திறந்தார்கள். வடசென்னைக்காரர் தென்மாவட்ட பஸ்களில் பெரும்பாலானவற்றைப் பிடிக்க முதலில் 30 கிலோமீட்டருக்கு மேல் நகரத்துக்குள்ளேயே பயணம் செய்ய வேண்டும். அதைவிடக் கொடுமை, திறந்த நாளில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஓடும் மின்சார ரயில் நின்று போக அங்கே ஒரு ஸ்டேஷன்கூடக் கிடையாது.

உங்கள் ஊருக்கும் இதேதான். கிழக்கே இருக்கிற கடலுக்குப் போக முதலில் ஊரின் தெற்குக் கோடிக்குப் போக வேண்டும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது பெரிய உதவி, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பிள்ளை, ஒரு மூட்டை, நடக்க முடியாத மாமியார் என்று கிளம்புகிறவருக்கு ஒரு பஸ் கூடுதலாக ஏறி இறங்குவதே பாதி உற்சாகத்தை எடுத்துவிடும், ராத்திரி திரும்பி வந்து இறங்கும்போது டவுன் பஸ் இல்லையென்றால் மீதியை ஆட்டோ எடுத்துக்கொள்ளும். கார் வைத்திருப்பவருக்கு இது எதுவுமே தெரியாது, அவர் நேராகக் கடற்கரையில் போய் இறங்குகிறார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கடல் சந்தோஷம் தெரியாது என்பது தவறு. கார் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு எட்டாமல் போகிறது, நீங்கள் சண்டை போட வேண்டியது அதற்காக.

அதனால் மகனிடம் வாதம் செய்வதை விடுங்கள். அவரையும் கூட்டிக்கொண்டு ஒரு தடவை பஸ்ஸிலேயே வேளாங்கண்ணி போய்விட்டு வாருங்கள். வீட்டு வாசலிலிருந்து வேளாங்கண்ணி பஸ் ஏறும்வரை எத்தனை வண்டி மாறினீர்கள், எவ்வளவு நேரம் ஆனது, பஞ்சப்பூரில் பெண்கள் கழிப்பறை எப்படி இருந்தது, ராத்திரி எத்தனை மணிவரை ஊருக்குள் வர டவுன் பஸ் ஓடியது என்று ஒரு தாளில் குறித்து அனுப்புங்கள். இதே பக்கத்தில் போடுகிறோம், மாநகராட்சிக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் நகல் அனுப்புவது எங்கள் பொறுப்பு.