மீந்ததைக் கொண்டு ஜீவனம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அம்மா, நாசரேத் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். சம்பளம் 11,000 ரூபாய். கிறிஸ்துமஸ் சமயத்தில் பிளம் கேக் செய்து கொடுப்பேன். சாப்பிட்டவர்கள் எல்லோரும் கடை போடச் சொல்கிறார்கள். கிலோவுக்குச் சாமான் செலவு 340 ரூபாய், 500-க்கு விற்கலாம். மாதம் 100 கிலோ போனால் 16,000 நிற்கும். வேலையை விட்டுவிட்டு, 8 பவுன் நகையை அடகு வைத்து, 6,000 ரூபாய் வாடகைக்குக் கடை பிடிக்க யோசிக்கிறோம். உபவாசக் கூட்டத்தில் ஊழியக்காரர் ஒருவர், “முதலில் 10,000 ரூபாய் விதைக் காணிக்கை போடு, கர்த்தர் நூறத்தனையாய்த் தருவார், கணக்குப் பார்க்காதே” என்றார். கணக்குப் பார்ப்பதே அவிசுவாசம் என்கிறார் என் கணவரும். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. என் விசுவாசம் குறைவானதா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: இல்லை மகளே. வேதத்தில் இரண்டாம் ராஜாக்கள் புத்தகத்தின் நான்காம் அதிகாரத்தை எடுத்து, உன் கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்து வாசி. கடன்காரன் பிள்ளைகளை அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். விதவை தீர்க்கதரிசி எலிசாவிடம் ஓடுகிறாள். எலிசா அவளிடம் என்ன கேட்கிறார்? வீட்டில் என்ன இருக்கிறது என்று. அதாவது இருப்புக் கணக்கு. ஒரு குடம் எண்ணெய் இருக்கிறது என்கிறாள். அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொல்கிறார். பாத்திரங்கள் தீர்ந்ததும் எண்ணெயும் நின்றுபோகிறது. பிறகு அவர் சொன்ன வரிசையைக் கவனி: எண்ணெயை விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததைக் கொண்டு நீயும் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள். அற்புதம் நடந்த வீட்டிலேயே விற்பனை, கடன், மீதி என்று வரிசை இருந்தது. எலிசா அந்த எண்ணெயில் ஒரு பாத்திரம்கூடத் தனக்கென்று கேட்கவில்லை.

ஆகவே அந்த 10,000 ரூபாயைப் போடாதே. வருமானம் வந்த பிறகு தசமபாகமோ ஸ்தோத்திரக் காணிக்கையோ சந்தோஷமாகக் கொடு, நானும் கொடுக்கிறேன். இன்னும் திறக்காத கடையின் பெயரைச் சொல்லி, வட்டிக்கு வாங்கப் போகிற பணத்திலிருந்து ஒருவர் காணிக்கை கேட்பது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்டவர் இயேசுவே (லூக்கா 14:28). உன் கணவரிடம் அந்த வசனத்தைக் காட்டு.

இப்போது உன் கணக்குக்கு வருவோம். 340 ரூபாயில் சாமான் மட்டும்தான் இருக்கிறது. அட்டைப்பெட்டி, பட்டர் பேப்பருக்கு 20 ரூபாய் வை. கேக் வேகவைக்கிற ஓவனுக்குக் கரண்டும் கேஸும் 30. கருகியது, உடைந்தது, ருசி பார்க்கக் கொடுத்தது என்று 15. வாடகை 6,000-ஐ 100 கிலோவுக்குப் பங்கு போட்டால் 60. மொத்தம் 125 ரூபாய் கூடுதல் செலவு. கிலோவுக்கு நிற்பது 35 ரூபாய், மாதம் 3,500. இதில் உன் கூலி சேரவில்லை, நகைக்கடன் வட்டியும் சேரவில்லை. அதற்காக 11,000 ரூபாய் சம்பளத்தை விடப் போகிறாய்.

அந்த 100 கிலோவும் டிசம்பரில்தான் போகும். பிளம் கேக்குக்கு முந்திரியும் உலர்திராட்சையும் செப்டம்பர், அக்டோபரிலேயே வாங்கி ஊறப்போட வேண்டும். அந்தப் பணம் கிறிஸ்துமஸ் வாரம் வரைக்கும் ஜாடிக்குள்ளேதான் கிடக்கும். ஜனவரி முடிந்தால் ஈஸ்டருக்கு முந்திய தபசு காலமான லெந்து வந்துவிடும். நம் குடும்பங்களில் அந்த நாற்பது நாளும் கல்யாணம் வைப்பதில்லை, பலர் இனிப்பையே தொடுவதில்லை. உன் கடைக்கு வரக்கூடியவர்களில் பாதிப்பேர் சபையார் என்றால், அந்த மாதங்களில் வாடகையை எதிலிருந்து கொடுப்பாய்?

நான் பல வருடம் ஒரு வங்கியில் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்தவள். வைத்தவர்கள் எல்லோரும் மூன்று மாதத்தில் திருப்பிவிடுவோம் என்றுதான் சொல்வார்கள். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துப் பார்க்கும்போது, சிலுவை பொறித்த தாலி ஒன்று தட்டில் கிடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மறு வருடம் அது ஏல நோட்டீஸ் பட்டியலில் இருந்தது. அந்த அம்மாவும் ஜெபிக்கிறவள்தான். அவள் விசுவாசத்தில் நான் குறை காண மாட்டேன். வட்டிக்கு ஜெபிக்கிறவர், ஜெபிக்காதவர் என்ற பேதம் கிடையாது.

நீ செய்ய வேண்டியது இது. பள்ளி வேலையை விடாதே. வருகிற டிசம்பரில் வீட்டிலிருந்தே, ஆர்டருக்கு மட்டும் செய். பாதிப் பணம் முன்பணமாக வாங்கு. சபையில் கடன் சொல்லி வாங்குகிறவர்களிடம் முடியாது என்று சொல்லப் பழகு. ஐயரம்மாவுக்கு, அதாவது போதகரின் மனைவிக்கு, அன்பாக ஒரு கேக் கொடுக்க ஆசைப்பட்டால் கொடு, ஆனால் அதையும் நோட்டில் எழுது. உணவுப் பாதுகாப்புப் பதிவை முதலிலேயே வாங்கிவிடு. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு அரசு இணையதளத்தில் கட்டணமே இல்லை. 1,500, 2,000 கேட்கிற இடைத்தரகரிடம் போகாதே. லெந்து தொடங்கி பள்ளி திறக்கும்வரை, அந்த மந்தமான மாதங்களிலும் கையில் ஏதாவது மிஞ்சுகிறதா என்று பார். மிஞ்சினால் கடையைப் பற்றிப் பேசலாம். அப்போதும் நகையைத் தொடும் முன் மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தைப் பற்றி விசாரி. கிராமப்புறப் பெண்களுக்குத் திட்ட மதிப்பில் 35 சதவீதம் மானியம், கைப்பணம் 5 சதவீதம் என்பது அதன் விதி.

ஜெபம் எதற்கு என்று கேட்பாய். வெண்ணெய் விலை ஏறுகிற வாரத்தில், லேபிளில் வெண்ணெய் என்று போட்டுவிட்டு உள்ளே டால்டா கலக்கக் கை நீளும். அப்போது முழங்கால்படியிடு. நடு வேகாத கேக்கை ஒருவர் திருப்பிக் கொண்டுவரும்போது முகம் சுளிக்காமல் பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் பலன் கேள். நாகர்கோவிலில் 1820-களில் மிஷனெரியின் மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கூலியைச் சேர்த்து அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள். ஒரு பெண் கைத்தொழிலால் சம்பாதிக்கும் பணத்தை நம் சபைகள் அற்பமாக நினைத்ததில்லை, நீயும் நினைக்காதே.

கேள்வி: சபையில் மூத்த சகோதரர் ஒருவர் கட்டுமானப் பொருள் கடையில் என்னைப் பங்குதாரராகச் சேர அழைக்கிறார். “நமக்குள் எழுத்து எதற்கு, கர்த்தர் சாட்சி” என்கிறார். எழுத்து கேட்டால் சந்தேகப்படுவதாக ஆகாதா?
(வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: தம்பி, எரேமியா 32-ஐ வாசியுங்கள். ஆனதோத் நிலத்தை வாங்கச் சொன்னது கர்த்தர், விற்றது எரேமியாவின் தகப்பனுடைய சகோதரன் மகன். அப்படியிருந்தும் எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்து, பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகள் வைத்து, அதை மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தினார். தீர்க்கதரிசிக்கே பத்திரம் தேவைப்பட்டது. கூட்டு ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள். 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி, பதிவாகாத நிறுவனத்தின் பங்குதாரர் ஒப்பந்த உரிமைக்காக மற்றவர்மேல் வழக்குப் போட முடியாது. அவர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால், ஆராதனையில் பக்கத்தில் உட்காருங்கள், பணம் போடாதீர்கள்.

கேள்வி: மளிகைக் கடைக்கு ‘யெகோவாயீரே ஸ்டோர்ஸ்’ என்று பெயர் வைக்கலாமா?
(வாசகி, சாயர்புரம்)

பதில்: தாராளமாக வையுங்கள். ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்பதுதானே அதன் பொருள். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்று நீதிமொழிகள் 11-இன் முதல் வசனம் சொல்கிறது. அவர் பெயரைப் பலகையில் எழுதும் முன், தராசைத் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவுக்குக் கொண்டுபோய் முத்திரை போட்டு வாருங்கள். மின்னணுத் தராசுக்கு வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டும்.