கத்திரிக்கு முன்பே போர் வற்றினால் ஆயிரம் அடிக்கு ஓட வேண்டுமா?

கேள்வி: சேலம் கன்னங்குறிச்சியில் குடியிருக்கிறோம். 420 அடி போர், போட்டுப் பத்து வருடம் ஆகிறது. பங்குனி பாதியிலிருந்து மோட்டார் போட்டால் பத்து நிமிடம் தண்ணீர், அப்புறம் வெறும் காற்று. ஏற்காட்டுத் தண்ணீர் பூமிக்கடியில் ஆறாக ஓடுகிறது, 1,000 அடி போனால் பிடித்துவிடலாம் என்கிறார் போர் ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். உங்கள் வீட்டுக்கு அடியில் எந்த ஆறும் ஓடவில்லை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை சார்னகைட் பாறை, கீழே ஊர்ப்பக்கம் பெரும்பாலும் நைஸ் பாறை. இரண்டுமே அம்மிக்கல் மாதிரிதான், கல்லுக்குள் தண்ணீர் தங்காது. மேலே உளுத்துப்போன பாறையிலும், அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான் நிற்கும். ஆழம் போகப் போக மேல்பாறையின் கனத்தில் அந்த வெடிப்புகளும் இறுகிக் குறைந்துவிடும். ஆயிரம் அடியில் தண்ணீர் வந்த வீடுகள் உண்டு. ஏஜென்ட் அவற்றைத்தான் காட்டுவார். புழுதி மட்டும் பறந்த வீட்டுப் பக்கம் உங்களை அழைத்துப் போகமாட்டார்.

ஆழம் கூடினால் கட்டாயம் கூடுவது கூலிதான். முதல் சில நூறு அடிக்கு ஒரு ரேட், பிறகு ஒவ்வொரு நூறடிக்கும் ஏறும். கடைசி நூறடிதான் பர்ஸைக் காலி செய்யும். "வந்தது வந்துட்டோம், இன்னும் நூறு அடி பார்த்துடலாம் சார்" என்று ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்பார்கள். தூக்கக் கலக்கத்தில் தலையாட்டாதீர்கள்.

முதலில் மோட்டாரை மேலே எடுக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். எந்தப் பைப்பிலிருந்து வெளிப்புறம் ஈரமாக வருகிறது என்று எண்ணினால் தண்ணீர் எத்தனையாவது அடியில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். 420 அடி போரில் மோட்டார் 300 அடியில் தொங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுடையதும் அப்படி என்றால் புதுப் போரே வேண்டாம், பைப் சேர்த்து இறக்கினால் போதும். ஆனால் பழைய மோட்டார் அந்த உயரத்துக்குத் தள்ளுமா என்று கேட்டுக்கொண்டு இறக்குங்கள். அடிவரை கொண்டுபோய் வைக்கவும் கூடாது, சேறு இழுத்துச் சுருண்டுவிடும். இறக்கியும் விட்டு விட்டுத்தான் வருகிறது என்றால் பத்து நிமிடம் ஓட்டி, இரண்டு மணி நேரம் ஊற விட்டு, மறுபடி ஓட்டுங்கள். சென்னைக்காரர்போல நீங்கள் ஐப்பசி வரை காத்திருக்க வேண்டியதில்லை. சேலத்தில் கத்திரி நடுவிலேயே இடிமழை வருவதுண்டு, தென்மேற்குப் பருவமழையிலும் நல்ல பங்கு கிடைக்கும்.

மீறிப் போடுவதானால், நீரோட்டம் பார்க்கத் தேங்காயோடு வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். (என் மாமனார் என் பேச்சைக் கேட்காமல் பார்த்தார். தேங்காய் நின்றது, தண்ணீர் நிற்கவில்லை.) கையடக்கப் பெட்டியைக் காட்டி "சயின்டிஃபிக் சர்வே" என்பவரும் அதே ரகம். பூமிக்குள் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் முறை உண்மையில் உண்டு. ஆனால் ஆழமாகப் பார்க்க நெடுந்தூரம் ஒயர் விரிக்க வேண்டும். முப்பதுக்கு நாற்பது மனையில் எங்கே விரிப்பது?

போர் வண்டி வந்ததும், துளை போட ஒன்றன்பின் ஒன்றாக இறக்கும் இரும்பு ராடுகளில் ஒன்றை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்று இறங்கும்போதும் செங்கல் துண்டால் காம்பவுண்டு சுவரில் ஒரு கோடு போடுங்கள். மேல்மண் சரியாமல் இருக்க இறக்கும் கேசிங் பைப்பையும் எண்ணுங்கள். நான் 31 ராடு எண்ணிய இடத்தில் 34-க்குப் பில் நீட்டினார்கள். கம்ப்ரசர் அடித்ததும் பீய்ச்சும் தண்ணீரைப் பார்த்து "ரெண்டு இஞ்ச் தண்ணி" என்பார்கள். அது குழிக்குள் தேங்கியது. ஒரு மணி நேரமாவது ஊதிய பிறகு எவ்வளவு வருகிறதோ அதுதான் உங்களுக்கு.

உள்ளாட்சியில் அனுமதி வாங்குவதை ஏஜென்டிடம் விடாதீர்கள், "பார்த்துக்கலாம் சார்" என்பார். அரசும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. 2003-ல் நிலத்தடி நீருக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள், நடைமுறைக்கு வராமலேயே 2013-ல் அதை நீக்கினார்கள். அதே 2003-ல் கட்டாயமாக்கிய மழைநீர்த் தொட்டி எத்தனை வீட்டில் வேலை செய்கிறது என்று உங்கள் தெருவில் எண்ணிப் பாருங்கள்.

புதுப் போர் போட்டுப் பழையதைக் கைவிட்டால், மோட்டாரை எடுத்த அன்றே வாயை இரும்பு மூடி போட்டு வெல்டிங் வைத்துவிடுங்கள். கோணிச் சாக்கும் கல்லும் போதாது. 2019-ல் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் கைவிட்ட போருக்குள் குழந்தை விழுந்து இறந்ததை நாடே டிவியில் பார்த்தது.