கடுமையான முகப்பருவுக்கும் குழித்தழும்புக்கும் லேசர் செய்யலாமா?

கொட்டகலையிலிருந்து எழுதும் நீங்கள், இருபது வயதுத் தங்கையின் கன்னங்களில் சீழ்ப்பருக்களும் பழைய குழிகளும் ஒன்றாக இருப்பதாகவும், லேசருக்குப் பணம் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சேர்த்து வையுங்கள்; ஆனால் பரு முற்றாக அடங்கும்வரை அந்தப் பணத்தைத் தொட வேண்டாம். நான் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து முகத்தைக் கறுக்க வைத்துக்கொண்டவள்.

எனக்கு அப்போது 22 வயது. பருக்கள் சிவந்து பழுத்திருந்த நேரத்திலேயே அழகு நிலையமொன்றில் லேசர் என்று சொல்லி ஐ.பி.எல். ஒளியை அடித்தார்கள். அது லேசரே அல்ல, பல அலைநீளங்கள் கலந்த ஒளி என்பதும், நம்முடைய மாநிறத் தோலுக்கு நிறம் தரும் மெலனின் அதை உறிஞ்சிச் சூடாகிவிடும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. பரு ஒரே மாதத்தில் திரும்பி வந்தது. கன்னத்தில் படர்ந்த கருமை போக ஒரு வருடத்துக்கு மேல் சென்றது.

ஒளிச் சிகிச்சையே வீண் என்று நான் சொல்லவில்லை. ஏறத்தாழ 415 நானோமீற்றர் அலைநீளமுள்ள நீல ஒளி, பரு பற்றீரியா தனக்குள் உண்டாக்கும் போர்ஃபிரின் என்ற பொருளைத் தூண்டி, அதைக் கொண்டே அந்தப் பற்றீரியாவைக் கொல்கிறது. ஆயினும் அது தோலின் ஆழத்துக்கு இறங்காததால், அடியிலிருந்து கட்டியாகக் கிளம்பும் பருவுக்குப் போதாது. ஒளி பட்டால் செயற்படும் அமினோலெவுலினிக் அமிலம் என்ற மருந்தைப் பூசிச் சிவப்பு ஒளி காட்டும் முறை வலிமையானது. எரிச்சலும் அதற்கேற்ப அதிகம், பின்னர் இரண்டு நாட்களாவது வெயில் படாமல் இருக்க வேண்டும். எண்ணெய்ச் சுரப்பியையே குறிவைக்கும் 1726 நானோமீற்றர் லேசருக்கு அமெரிக்காவில் 2022இல் அனுமதி கிடைத்தது.

இருந்தாலும், கட்டிப் பருவை அடக்குவதில் முதலிடம் ஐசோட்ரெட்டினொயின் மாத்திரைக்குத்தான். அதை உட்கொள்ளும் காலத்தில் கர்ப்பம் தரித்தால் குழந்தைக்குக் கடுமையான குறைபாடுகள் ஏற்படக்கூடும் என்பதால், ஃபாமசியில் கேட்டு வாங்கிப் போடும் மருந்தல்ல அது. கண்டி தேசிய வைத்தியசாலையின் தோல் கிளினிக்கில் கட்டணமில்லாமல் காட்டலாம். விடியற்காலை பஸ் பிடித்து வரிசையில் நிற்கத்தான் வேண்டும். தங்கை வெள்ளையாக்கும் கிறீம் ஏதும் பூசுகிறாரென்றால் அதையும் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லட்டும். ஸ்டீரொயிட் கலந்த கிறீமே பருவைக் கிளப்புவதுண்டு.

குழிகள் என்று வரும்போதுதான் லேசருக்கு உண்மையான வேலை இருக்கிறது. 2004இல் அறிமுகமான பின்ன (fractional) லேசர் முறையில், முகம் முழுவதையும் சுடாமல் ஊசிமுனை அளவான புள்ளிகளை மட்டும் சூடாக்கி, இடையிலுள்ள நல்ல தோலிலிருந்து தோலைத் தாங்கும் புரதமான கொலாஜன் புதிதாக வளர விடுகிறார்கள். 10,600 நானோமீற்றர் காபனீரொட்சைட்டு லேசர் தோலின் மேற்பரப்பையும் நீக்குவதால் பலன் கூடும், கறுக்கும் ஆபத்தும் கூடும். 1550 நானோமீற்றர் லேசர் மேற்பரப்பை விட்டுவைப்பதால் நம் நிறத்துக்குச் சற்றுப் பாதுகாப்பானது. ஆனால் மாத இடைவெளியில் பல தடவை செய்ய வேண்டும். ஊசி குத்தியதுபோன்ற ஒடுங்கிய ஆழக் குழிக்கு லேசரை விட, ட்ரைகுளோரோ அசெட்டிக் அமிலத்தைப் புள்ளியாக வைப்பது நல்லது. அலை அலையான பள்ளங்களை அடியில் இழுத்துப் பிடித்திருக்கும் நார்களை முதலில் ஊசியால் அறுத்துவிட வேண்டும்.

நம் ஊரில் பலர் தவறவிடுவது வெயிலை. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் ஏற ஏறப் புறஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து வீதம் கூடும்; நுவரெலியாவோ 1868 மீற்றரில் இருக்கிறது. மூடுபனியும் குளிரும் இருப்பதால் நமக்குச் சுடுவதில்லை, அவ்வளவுதான். மெல்லிய மேகத்தை அக்கதிர் எளிதில் தாண்டிவிடும். ஆகவே சிகிச்சைக்குப் பல வாரங்கள் முன்பிருந்தே சன்ஸ்கிறீனும் தொப்பியும் தேவை. முதல் நாளே முழு முகத்திலும் அடிக்க விடாமல், காதோரம் சிறிய இடத்தில் சோதித்துச் சில வாரங்கள் பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காத இடத்தில் பணம் கட்ட வேண்டாம். எனக்குக் குழிகளுக்கான லேசரை நான்கு தடவை செய்த பிறகு அவை பாதியளவு மேலே வந்தன. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் மீதி இன்னும் தெரியும்.