மருத்துவ அறிக்கையில் ஒரு சொல்லை நம்பாதீர்கள்: தத்தெடுப்பு கேள்வி–பதில்

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். சிறப்புத் தேவையுள்ள ஒரு குழந்தையைத் தத்தெடுக்க முடியுமா?
– வாசகி, திண்டுக்கல்

முடியும். 2022-ம் ஆண்டின் தத்தெடுப்பு விதிமுறைப்படி, இரண்டு பிள்ளைகள் உள்ள தம்பதி, உறவினர் குழந்தையைத் தவிர்த்தால், சிறப்புத் தேவையுள்ள குழந்தையையோ எளிதில் வீடு அமையாத குழந்தையையோதான் தத்தெடுக்கலாம். மத்தியத் தத்தெடுப்பு ஆணையமான ‘காரா’வின் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். சமூகப் பணியாளர் வந்து எழுதும் வீட்டாய்வு அறிக்கை 3 ஆண்டுக்குச் செல்லும். 2 வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் உங்கள் இருவர் வயதின் கூட்டுத்தொகை 85-ஐத் தாண்டக் கூடாது; 4 முதல் 8 வயது என்றால் 100 வரை இருக்கலாம். இடைத்தரகரிடம் மட்டும் போகாதீர்கள், அது குற்றம்.

ஒரு வயதுக் குழந்தையின் மருத்துவ அறிக்கையில் ‘வளர்ச்சித் தாமதம்’ என்று மட்டும் இருக்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?
– வாசகர், நாகர்கோவில்

அந்த ஒரு சொல்லை வைத்துச் சரி என்றும் சொல்லாதீர்கள், வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள். தூக்கிக் கொஞ்ச ஆள் போதாமல் நாளெல்லாம் தொட்டிலில் கிடந்த குழந்தையும் தாமதமாகத்தான் உட்காரும். மூளையில் பாதிப்புள்ள குழந்தையும் தாமதமாகத்தான் உட்காரும். இரண்டுக்கும் அறிக்கையில் ஒரே சொல்தான்.

எண்களைக் கேட்டு வாங்குங்கள்: பிறந்த எடை, எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, மாதவாரியாகத் தலைச்சுற்றளவு. தலைச்சுற்றளவு ஒரே இடத்தில் தேங்கியிருந்தாலோ திடீரென்று கூடியிருந்தாலோ குழந்தை நரம்பியல் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். குறைமாதப் பிறப்பு என்றால், முன்கூட்டிப் பிறந்த வாரங்களைக் கழித்த பிறகே வயதைக் கணக்கிட வேண்டும். அப்படிக் கணக்கிட்டதும் சில குழந்தைகளின் ‘தாமதம்’ பாதியாகிவிடும். சத்தம் வந்த பக்கம் திரும்புகிறதா, இரண்டு கைகளையும் ஒரேபோல் நீட்டுகிறதா என்று தெரியும்படி வீடியோ கேளுங்கள். ‘பெரா’ செவித்திறன் சோதனை முடிந்துவிட்டதா என்று அவசியம் கேளுங்கள். காது கேளாத குழந்தையை மந்தம் என்று எண்ணிவிடுவது எளிது.

எச்.ஐ.வி. பற்றியும் சொல்ல வேண்டும். 18 மாதத்துக்குள் எடுத்த ஆன்டிபாடி (நோய் எதிர்ப்புப் புரதம்) சோதனையில் ‘பாசிட்டிவ்’ வந்தாலே பயந்து விலகிவிடாதீர்கள். தாயின் ஆன்டிபாடி அதுவரை குழந்தையின் ரத்தத்தில் தங்கியிருக்கலாம். வைரஸையே நேரடியாகத் தேடும் பி.சி.ஆர். சோதனையின் முடிவைக் கேளுங்கள்.

ஒப்புதல் தருமுன் நீங்கள் நம்பும் மருத்துவரிடம் அறிக்கையைக் காட்ட விதிமுறையே இடம் தருகிறது. தயங்காதீர்கள், அது குழந்தைக்கும் நல்லது.

வளர்ப்புப் பராமரிப்பில் (தத்தெடுக்காமல் தற்காலிகமாக வளர்க்கும் ஏற்பாட்டில்) 2 ஆண்டாக எங்களோடு இருக்கும், பார்வைக் குறைபாடுள்ள 9 வயதுச் சிறுமியைத் தத்தெடுக்க வழி உண்டா?
– வாசகர், ஈரோடு

உண்டு. முன்பு இப்படி வளர்ப்பவர்கள் 5 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2024-ம் ஆண்டின் வழிகாட்டுதல் அதை 2 ஆண்டாக்கியது. தடங்கல் பெரும்பாலும் வேறிடத்தில் வரும். குழந்தைகள் நலக் குழு அவளைச் ‘சட்டப்படி தத்துக்குரியவள்’ என்று அறிவித்திருக்கிறதா? பெற்றவர்கள் ஒப்படைத்திருந்தால், மனம் மாற அவர்களுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. அதன் பிறகே அறிவிப்பு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் முதலில் இதை விசாரியுங்கள். 5 வயது கடந்தவள் என்பதால் அவள் சம்மதமும் வேண்டும். அவசரப்படுத்தாமல் அவளிடம் பேசுங்கள்.

இப்போது தத்து ஆணை தருவது நீதிமன்றம் அல்ல, கலெக்டர். ஆணை வந்ததும் முதலில் பிறப்புச் சான்றிதழை வாங்குங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆதார், பள்ளிப் பதிவு எல்லாவற்றையும் அதை வைத்தே மாற்றுங்கள்; இல்லையென்றால் ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் ஏறி, உதவித்தொகை கேட்கும்போது சிக்கிக்கொள்ளும்.