எனக்கும் அம்மாவுக்கும் ஒரே டயட் சரிப்படுமா?

கேள்வி: என் வயது 49. உயரம் 165 செ.மீ., எடை 72 கிலோ. பத்து வருடமாக பேன்ட் சைஸ் 36தான். சர்க்கரை, பி.பி. எதுவும் பார்த்ததில்லை. அம்மாவுக்கு 71 வயது, 70 கிலோ இருந்தார். சர்க்கரை உண்டு, மூட்டு வலியும் உண்டு. எடை குறைக்க இருவரும் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டோம். மூன்று மாதத்தில் அம்மாவுக்கு 4 கிலோ குறைந்துவிட்டது, எனக்குக் குறையவில்லை. நான் இன்னும் கடுமையாக இருக்க வேண்டுமா?

பதில்: முதலில் அம்மாவைப் பார்ப்போம். அவர் சர்க்கரைக்கு கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரானால், இரவில் பட்டினி கிடப்பது ஆபத்து. தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கி, வியர்த்துக் கொட்டி மயங்கிவிடலாம். இன்றிரவே சாப்பிடச் சொல்லுங்கள். மருந்தின் அளவை அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுகிறாரா என்று கவனியுங்கள். இந்த வயதில் வெறும் பட்டினியால் எடை இறங்கினால் கொழுப்போடு தசையும் கரையும். தொடையில் வலு போனால் மூட்டு வலி கூடும். தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பு முறிகிற பயமும் வரும். அவர் எடை குறைவது மூட்டுக்கு நல்லதுதான், ஆனால் மெதுவாக, தசையைக் காப்பாற்றிக்கொண்டு குறைய வேண்டும். சோற்றைக் குறைத்து முட்டை, தயிர், மீன், சுண்டல் என்று ஏதாவது ஒன்றை வேளைக்கு வேளை சேருங்கள் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டு). சுவரோரம் நாற்காலி போட்டு, பக்கத்தில் ஆள் இருக்க, உட்கார்ந்து எழச் செய்யுங்கள்.

சரி, உங்கள் விஷயம். பேன்ட் சைஸை நம்பாதீர்கள். தொப்பை வளர வளர பெல்ட் கீழே இறங்கிவிடும், சைஸ் அப்படியேதான் இருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் டேப் வைத்து அளந்து பாருங்கள். நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. 36 அங்குலம் என்றாலே 91 செ.மீ. ஆகிவிடுகிறது! உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 26க்கு மேல், இந்தியர்களுக்கு 25 தாண்டினாலே உடல் பருமன் கணக்குதான். கை கால் ஒல்லியாக இருந்தாலும் வயிற்றுக்குள் சேரும் கொழுப்புதான் சர்க்கரை, கொழுப்புக் கல்லீரல், மாரடைப்பு எல்லாவற்றுக்கும் வழி விடுகிறது.

கடுமை வேண்டாம். 4, 5 கிலோ குறைத்தாலே போதிய பலன் தெரியும். 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சர்க்கரை வரும் விளிம்பில் இருந்தவர்கள் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்ற இலக்கோடு இருந்ததில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. இரவில் சீக்கிரம், அளவாகச் சாப்பிடுங்கள். மாலை டீயோடு வரும் வடை, மிக்சரை நிறுத்துங்கள். பலருக்கு எடை குறையாமல் நிற்பது அங்கேதான்.

இந்த வாரமே பி.பி., வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), கொலஸ்ட்ரால் பார்த்துவிடுங்கள். அப்புறம், குறட்டை உண்டா, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று வீட்டில் கேளுங்கள். ஆமாம் என்றால் ரிப்போர்ட்டோடு அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், பி.பி. ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.