ஆங்கிலோ-சாக்சன்கள் பிரிட்டனுக்குள் படையெடுத்து வந்தார்களா, குடியேறினார்களா?

வாளும் கேடயமுமாக சாக்சன்கள் வரும் தொடர் எதையோ பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவற்றில் பெரும்பாலும் காட்டுவது 9ஆம் நூற்றாண்டில் டேனியர்களோடு நடந்த சண்டை. நீங்கள் கேட்பது அதற்கு நானூறு வருடம் முந்தைய சங்கதி, ரோமானியர் போன பிறகு வட ஜெர்மனி, டென்மார்க் பக்கத்திலிருந்து ஆங்கிள், சாக்சன் கூட்டங்கள் பிரிட்டனுக்கு வந்த கதை.

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதுவது இரண்டாவது தடவை. 2019இல் எழுதியபோது, "ஆட்கள் அதிகம் வரவில்லை, பானையும் உடை ஊசியும் மொழியும்தான் வந்தன, உள்ளூர்க்காரர்களே சாக்சன்களாக மாறிக்கொண்டார்கள்" என்று அடித்துச் சொல்லியிருந்தேன். அன்றைக்குத் தொல்லியலாளர்கள் பலர் அப்படித்தான் சொன்னார்கள், நானாகக் கிளப்பிவிட்டதில்லை. 2022இல் நேச்சர் இதழில் மரபணு ஆய்வு வந்தது. இங்கிலாந்தின் பழைய இடுகாடுகளில் கிடைத்த 278 பேரின் எலும்புகளைப் பார்த்திருந்தார்கள். கிழக்கிலும் தெற்கிலும் சராசரியாக 76 சதவீத வம்சாவளி வட ஜெர்மனி, டென்மார்க், நெதர்லாந்துப் பக்கத்தது என்று வந்துவிட்டது. யாரோ ஒருவர் என் பழைய பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டுச் சிரித்தார். இன்னும் சிரிக்கிறார்கள்.

சரி, ஆள் வந்தது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆள் வந்தார்கள் என்பதும் படையெடுத்து வந்தார்கள் என்பதும் ஒன்றா?

படையெடுப்புக் கதையின் வேர் கில்டாஸ் என்ற 6ஆம் நூற்றாண்டுத் துறவி. ரோமானியர் கைவிட்ட பிறகு, வடக்கிலிருந்து வந்த எதிரிகளைச் சமாளிக்க மூன்று கப்பல் சாக்சன்களைக் கூலிப்படையாக அழைத்தார்கள், மாதப்படி போதவில்லை என்று அவர்கள் திருப்பி அடித்தார்கள் என்கிறார். அவர் எழுதியது சரித்திரமில்லை, பிரசங்கம். பிரித்தானியர், அதாவது அங்கே முன்பே இருந்த பூர்வகுடிகள், செய்த பாவத்துக்குக் கிடைத்த தண்டனையாம். 731இல் பீட் என்ற இங்கிலாந்துத் துறவி தன் சரித்திர நூலை முடித்தபோது அந்தத் தலைவர்களுக்கு ஹெங்கிஸ்ட், ஹோர்சா என்று பெயரும் கிடைத்துவிட்டது. ஒரு பெயருக்குப் பொலிகுதிரை என்றும் மற்றதற்குக் குதிரை என்றும் அர்த்தம். அண்ணன் தம்பிக்கு இப்படியா பெயர் வைப்பார்கள்?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் என் மாமனார் ஞாபகம்தான் வந்தது. நான் இருப்பது கிழக்கு இங்கிலாந்தில், சஃபோக்கில். போன வருடம் அவர் வந்திருந்தபோது வெஸ்ட் ஸ்டோவுக்குக் கூட்டிப்போனேன். லார்க் ஆற்றங்கரையில் 5ஆம் நூற்றாண்டிலிருந்து 7ஆம் நூற்றாண்டு வரை இருந்த சாக்சன் கிராமம் அது. 1965 முதல் 1972 வரை தோண்டி, தடயம் கிடைத்த இடத்திலேயே வீடுகளைத் திரும்பக் கட்டிவைத்திருக்கிறார்கள். (அவருக்கு விசா வாங்க நான் பட்ட பாடு தனிக்கதை. ஆறு மாத வங்கிக் கணக்கு, நிலப் பத்திரம், அப்புறமும் ஒரு தடவை நிராகரிப்பு, கட்டிய பணம் போனது போனதுதான். ஹெங்கிஸ்டிடம் யாரும் பாஸ்புக் கேட்கவில்லை.)

அவர் மன்னார்குடிப் பக்கம் நாற்பது வருடம் விவசாயம் பார்த்தவர். குழி தோண்டி அதன்மேல் கூரை போட்ட குடிசை ஒன்று அங்கே உண்டு. குனிந்து உள்ளே போனால் புகை வாடை, ஓரமாகக் களிமண் வளையங்கள். தறியில் பாவு நூலை இழுத்துப் பிடிக்கும் எடைகள். அந்தக் காலத்தில் இந்தக் குழிக்குள்தான் படுத்திருப்பார்கள் என்று முன்பெல்லாம் சொன்னார்கள் என்றேன்.

"குழிக்குள்ள எவன் மாப்ள படுப்பான்? மேல பலகை போட்ருப்பான். கீழ காத்து போனாத்தான் ஈரம் ஏறாது" என்றார்.

அகழ்வாய்வை நடத்திய ஸ்டான்லி வெஸ்ட் சொன்னதும் அதேதான். மாமா அதோடு விடவில்லை. வெளியே வந்து காலால் மண்ணைக் கிளறிப் பார்த்தார். "வெறும் மணலு. கோட்டை இல்ல, கொத்தளம் இல்ல. சண்ட போட்டு ஊரப் புடிக்கிறவன் நல்ல மண்ண விட்டுட்டு இதையா புடிப்பான்?"

ஒரு கிராமத்தை வைத்து நாட்டுக்கே தீர்ப்புச் சொல்லலாமா என்று வரப்போகிறீர்கள், தெரியும். அடிதடியே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. கி.பி. 700ஐ ஒட்டி வெசெக்ஸ் என்ற தெற்கத்திச் சாக்சன் நாட்டின் மன்னர் ஐனி போட்ட சட்டத்தில் சாக்சன் குடியானவனைக் கொன்றால் நட்டஈடு 200 ஷில்லிங். ஒரு ஹைடு (ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான அளவு) நிலம் வைத்திருக்கும் 'வீல்', அதாவது பிரித்தானியன், செத்தால் 120தான். நிலம் இல்லாதவனுக்கு 60. 'வீல்' என்றால் அந்நியன். சொந்த ஊரிலேயே அந்நியன் ஆக்கிவிட்டார்கள், 'வேல்ஸ்' என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். சமத்துவமாகக் கூடி வாழ்ந்தார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அதே மரபணு ஆய்வில், ஆயுதத்தோடு புதைக்கப்பட்ட ஆண்களில் வந்தவர்கள் வம்சமும் உண்டு, உள்ளூர் வம்சமும் உண்டு. பெண்களும் கடல் தாண்டி வந்திருக்கிறார்கள். படை மட்டும் வந்திருந்தால் இப்படியா இருக்கும்? தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள், சில இடத்தில் அடித்துப் பிடுங்கினார்கள், பல இடத்தில் பெண் கொடுத்து எடுத்தார்கள். என் பதில் இதுதான்.

ஸ்கிரீன்ஷாட் நண்பர் இங்கேயும் வருவார். அவருக்கு ஒரே ஒரு கேள்வி. வெசெக்ஸ் அரச வம்சமே தங்கள் மூலபுருஷன் என்று சொல்லிக்கொண்ட செர்டிக்கின் பெயர் சாக்சன் பெயரில்லை, பிரித்தானியப் பெயர். படையெடுத்து வந்த சாக்சனுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று விளக்கிவிட்டு அப்புறம் சிரிக்கட்டும்.